கைதட்டலுக்கு அடியில் கேட்க வேண்டியவை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) வந்து சேர்ந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. "லைவ் என்று உறையில் போடுகிறார்கள், உள்ளே பாதி ஸ்டூடியோவில் ஒட்டுப்போட்டது என்றும் சொல்கிறார்கள், எதை நம்பி வாங்குவது?" என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்பதைவிட, அந்தப் பாட்டு மேடைக்குப் போனதால் என்ன ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம். ஆனால் முதலாவதைக் காதால் பிடிக்கத் தெரிந்தால் இரண்டாவது தானாகத் தெரியவரும்.

பாடகர் வான் மாரிசனின் 'இட்ஸ் டூ லேட் டு ஸ்டாப் நவ்' என்ற இரட்டை இசைத்தட்டு ஆல்பத்திலிருந்து தொடங்கு. 1973இல் லாஸ் ஏஞ்சலீஸ் ட்ரூபடோர், சாண்டா மோனிகா சிவிக் ஆடிட்டோரியம், லண்டன் ரெயின்போ தியேட்டர் ஆகிய மூன்று இடங்களில் பதிவு செய்து 1974 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். பின்னால் வாசித்தது கலிடோனியா சோல் ஆர்கெஸ்ட்ரா: கிட்டார், பேஸ், டிரம்ஸ், பியானோ, சாக்ஸஃபோன், ட்ரம்பெட், இவற்றோடு வயலின் குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர். மொத்தம் பதினொரு பேர்.

இந்த அமைப்பு ஒலிப்பதிவாளருக்கு எவ்வளவு தொல்லை என்று யோசித்துப் பார். மேடையில் எந்த மைக்கும் தன் முன்னால் இருப்பதை மட்டும் கேட்பதில்லை. வயலின் மெல்லிய ஓசை. பத்தடி தள்ளி டிரம்ஸ் இடிக்கிறது. வயலின் போதவில்லை என்று அதன் மைக்கை ஏற்றினால் கூடவே டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலும் ஏறும். இதற்கு இயந்திரத்தில் மருந்து இல்லை, வாசிப்பவர்கள் அடங்கி வாசிக்க வேண்டும். இந்த ஆல்பத்தில் அதைத்தான் செய்கிறார்கள். 'காரவன்' பாட்டின் பின்பகுதியில் மொத்தக் குழுவும் கிசுகிசுப்பு அளவுக்கு இறங்கி, மறுபடி ஒரே மூச்சில் எழும். டிரம்மர் தஹாவுத் ஷார் குச்சியை எவ்வளவு லேசாகப் பிடித்திருக்கிறார் என்பது ஹெட்ஃபோனில் தெரியும்.

இந்த ஆல்பத்தில் எதையும் பிறகு சேர்க்கவில்லை. 'மூன்டான்ஸ்' பாட்டில் கிட்டாரில் ஒரு சுரம் பிசகியதால் அந்தப் பாட்டையே விட்டுவிட்டார்கள் என்று சொல்வார்கள். அந்த ஒரு சுரத்தை மட்டும் மாற்றியிருக்கலாமே என்று நீ கேட்கலாம். பேஸ் கிட்டார், மின் கீபோர்டு போன்றவை வயர் வழியாக நேரே, ஒலிகளைக் கலக்கும் மிக்சிங் கன்சோலுக்குப் போகும். அவற்றை அழித்துவிட்டு மறுபடி வாசிப்பது சுலபம். கிட்டார் அப்படியல்ல. அதன் ஓசை ஆம்ப்ளிஃபையரிலிருந்து கிளம்பி, டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்குகளிலும் பாடகரின் மைக்கிலும் விழுந்திருக்கும். கிட்டாரின் சொந்த ட்ராக்கை, அதாவது டேப்பில் அதற்கென்று தனியாகப் பதிந்த வரிசையை, துடைத்தாலும் பிசகிய சுரம் அந்த மைக்குகளில் ஆவிபோல நிற்கும். குரலுக்கும் இதே கதைதான். மறுபடி பாடிச் சேர்த்தால் பழைய குரல் டிரம்ஸ் ட்ராக்கில் லேசாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், இரண்டும் கொஞ்சம் முன்பின் போனாலே இரட்டைக்குரல் வந்துவிடும்.

காதால் பிடிக்கும் வழி இது. குரல் நுழையும்போது சிம்பல் ஓசை கொஞ்சம் அகன்று, வரி முடிந்ததும் சுருங்கினால், பாடகரின் மைக்கை வரிக்கு வரி ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். அது மேடையில் பாடிய குரலேதான். குரல் வந்தாலும் போனாலும் டிரம்ஸ் ஆடாமல் அசையாமல் இருந்தால் சந்தேகப்படலாம். தீர்ப்புச் சொல்லிவிடாதே, மைக்கை முழுநேரமும் திறந்தே வைத்திருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதோடு சேர்த்து, வரிகளுக்கு நடுவே மூச்சுச் சத்தம் இருக்கிறதா, முகத்தைத் திருப்பும்போது குரல் தேய்கிறதா என்றும் கவனி.

கைதட்டலுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் எடுக்கும். கூட்டத்துக்காக 30 மீட்டர் தள்ளி ஒரு மைக் வைத்தால், மேடையில் விழும் ஸ்னேர் டிரம் அடி அங்கே சுமார் 90 மில்லிசெகண்ட் பிந்தித்தான் சேரும். பாட்டு நடக்கும்போது அந்த மைக்கை ஏற்றிவைத்தால் ஒவ்வோர் அடியும் இரண்டுமுறை கேட்கும். அதனால்தான் பாட்டுக்குள் கூட்டத்தை இறக்கி, முடிந்ததும் ஏற்றுகிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. கடைசி சுரத்தின் அதிர்வு அடங்குவதற்குள் கைதட்டல் திடீரென்று வேறோர் அரங்கிலிருந்து வருவதுபோல் இருந்தால்தான் எங்கோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்தது பாடகர் ஜாக்சன் பிரௌனின் 'ரன்னிங் ஆன் எம்ப்டி', 1977. ஒரு லைவ் ஆல்பம் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டியது இதுதான் என்பது என் எண்ணம். இதிலுள்ள பத்துப் பாட்டில் ஒன்றைக்கூட அவர் அதற்குமுன் வெளியிட்டதில்லை. ரசிகர்கள் கூடவே பாட, அவர் குரலில் ஏற்கெனவே தெரிந்த பாட்டு எதுவும் கையில் இல்லாமல் பதிவில் இறங்கியிருக்கிறார். அதோடு பதிவு மேடையோடு நிற்கவில்லை. 'ரோசி' மேடைக்குப் பின்னால் ஒத்திகை அறையில் பதிவானது. 'கொகெய்ன்', 'ஷேக்கி டவுன்' இரண்டும் இல்லினாய் மாநிலம் எட்வர்ட்ஸ்வில்லில் ஹாலிடே இன் விடுதியின் 124ஆம் அறையில் பதிவானவை. 'நத்திங் பட் டைம்' நியூ ஜெர்சியில் ஓடிக்கொண்டிருந்த பேருந்துக்குள் பதிவானது. பேருந்தில் முழு டிரம்ஸுக்கு இடமில்லாததால் ரஸ் கங்க்கல் ஒரு ஸ்னேரும் ஹை-ஹேட்டும் வைத்துக்கொண்டு, பேஸ் டிரம்முக்குப் பதில் ஓர் அட்டைப்பெட்டியில் மிதிபெடல் பொருத்தி வாசித்தார். உறையிலேயே அப்படிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். அடியில் எஞ்சின் உறுமுவதும் கேட்கும், அதை வடிகட்டாமல் விட்டதற்கு நான் நன்றி சொல்வேன்.

'தி ரோட்' பாட்டைக் கட்டாயம் ஹெட்ஃபோனில் கேள். முதல் பாதி மேரிலாண்டில் ஒரு விடுதி அறை, பின்பாதி நியூ ஜெர்சியில் திறந்தவெளி மேடை. நடுவில் தையல் இருக்கிறது, அதை ஒளிக்கவும் இல்லை. அறையின் வறண்ட ஓசை விரிந்து கூட்டத்துக்குள் கரைகிறது. நீ குறையாகச் சொன்ன அதே ஒட்டுவேலைதான் இங்கே பாட்டின் பொருளாகவே ஆகிவிடுகிறது, ஏனென்றால் ஊர் ஊராகப் போகும் வாழ்க்கைதான் பாட்டு. கடைசியில் 'தி லோட்-அவுட்' மேடைச் சாமான் ஏற்றி இறக்குகிறவர்களுக்காக எழுதியது. பியானோ மட்டுமாகத் தொடங்கி ஆள் ஆளாகச் சேர்ந்து, இடைவெளியே இல்லாமல் 1960இல் மாரிஸ் வில்லியம்ஸ் பாடிய 'ஸ்டே'க்குள் நுழைகிறது. அதில் உச்சக் கள்ளக்குரலில் பாடுவது டேவிட் லிண்ட்லி.

நீல் யங் எதிர்த்திசையில் போனவர். 1979இல் வந்த 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' ஆல்பத்தின் பெரும்பகுதி 1978 மேடைப் பதிவுதான். ஆனால் கூட்டத்தின் சத்தத்தை முடிந்தவரை அகற்றி, மேலே ஸ்டூடியோ வாசிப்பும் சேர்த்தார். முதல் பக்கம் பெரும்பாலும் தனிக் கிட்டார், இரண்டாம் பக்கம் கிரேசி ஹார்ஸ் குழுவோடு மின்கிட்டார். 1979 நவம்பரில் அதே பயணத்திலிருந்து 'லைவ் ரஸ்ட்' என்று கூட்டத்தோடு ஓர் இரட்டைத் தட்டும் விட்டார். இரண்டிலும் 'பௌடர்ஃபிங்கர்' உண்டு. அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், கூட்டத்தை எடுத்தபின் ஒரு மேடைப் பாட்டு என்ன ஆகிறது என்று நான் பக்கம் பக்கமாக எழுதுவதைவிட நன்றாக விளங்கும். எனக்கு 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்'தான் உசத்தி. மேடையின் துணிச்சல் அதில் மிச்சமிருக்கிறது, இரைச்சல் போய்விட்டது.

அவருடைய 1973 'டைம் ஃபேட்ஸ் அவே' தனி ரகம். 'ஹார்வெஸ்ட்' ஆல்பத்தின் வெற்றிக்குப் பின் நடந்த பயணம் அது. பயணத்துக்குச் சற்றுமுன் கிட்டாரிஸ்ட் டேனி விட்டன் இறந்துபோனார். 'ஹார்வெஸ்ட்' போல இதமாக எதிர்பார்த்து வந்தவர்களுக்குக் கரகரப்பான புதுப் பாட்டுகளைக் கொடுத்தார். வழக்கமாக 16 ட்ராக் டேப்பிலிருந்து இரண்டு ட்ராக் மாஸ்டர் (தாய்ப்பிரதி) ஒன்று எடுத்து, அதிலிருந்து தட்டு வெட்டுவார்கள். இதற்கு 16 ட்ராக் டேப்பிலிருந்தே நேராக வெட்டினார்கள். நடுவில் ஒரு தலைமுறை குறைவதால் டேப் இரைச்சல் குறையும். ஆனால் பின்னாளில் மறுபதிப்புக்கு எடுத்துக்கொள்ள மாஸ்டர் இருக்காது. யங்குக்கும் அந்த ஆல்பம் பிடிக்கவில்லை. சிடியாக வர 2017 ஆகிவிட்டது. பழைய தட்டு நல்ல நிலையில் கிடைத்தால் விடாதே. உள்ளே கையெழுத்தில் பாடல்வரிகள் அச்சிட்ட பெரிய மடிப்புத்தாள் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

பாப் டிலன் பற்றியும் கேட்டிருந்தாய். 1966 மே 17, மான்செஸ்டர் ஃப்ரீ ட்ரேட் ஹால். பல ஆண்டுகள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று தவறான பெயரில் திருட்டுத்தட்டாகச் சுற்றி, 1998இல்தான் முறையாக வந்தது. தனிக் கிட்டாரை விட்டு மின்கிட்டாருக்கு மாறிய இரண்டாம் பாதியில் பாட்டுகளுக்கு நடுவே கூட்டம் எரிச்சலோடு கைதட்டுவதைத் தாண்டிவிடாதே, "யூதாஸ்!" என்ற கூச்சல் வருவதற்கு வெகுமுன்பே சண்டை அங்கே தொடங்கிவிட்டது. எல்டன் ஜானின் '11-17-70' இன்னொன்று. நியூயார்க் ஸ்டூடியோவில் சிறிய கூட்டத்தின் முன் வானொலிக்காக நடந்தது. பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றுதான், கிட்டாரே கிடையாது. ஜோனி மிட்செலின் 'மைல்ஸ் ஆஃப் ஐல்ஸ்' அடுத்த கடிதத்தில்.

தட்டு வரும்வரை ஃபோனில் கேட்பாயானால் ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் க்ராஸ்ஃபேடை அணைத்துவிடு, இல்லையென்றால் 'லோட்-அவுட்'டின் முடிவும் 'ஸ்டே'யின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். உன்னிடமுள்ள பழைய எம்பி3 கோப்புகளில் பாட்டுக்குப் பாட்டு கைதட்டல் விக்குவதற்குக் காரணம் வேறு. எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக அடுக்குகிறது, கோப்பின் தலையிலும் வாலிலும் சிறு மௌனம் சேர்ந்துவிடும். ஒலியை இழப்பில்லாமல் சேமிக்கும் ஃப்ளாக் (FLAC) கோப்பில் இந்தத் தொல்லை இல்லை.

டர்ன்டேபிளுக்கு ஒரு வேலை பாக்கி. 33⅓ சுற்றில் தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும். லேபிள் அருகே அது 21 செ.மீ. ஆகச் சுருங்கிவிடும். அதே ஓசை பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருங்கியிருப்பதால் 'ஸ', 'ஷ' ஒலிகள் கரகரக்கும். லைவ் ஆல்பங்கள் உச்சக்கட்டத்தை வைப்பதோ பெரும்பாலும் அங்கேதான். வான் மாரிசனின் 'சைப்ரஸ் அவென்யூ' பத்து நிமிடத்துக்கு மேல் ஓடி நான்காம் பக்கத்தின் கடைசியில் முடிகிறது, 'ஸ்டே'யும் அதன் தட்டின் கடைசிப் பாட்டுதான். ஆகவே ஊசி பொருத்தியுள்ள கார்ட்ரிட்ஜை அளவுத்தாள் வைத்து நேராக்கு. ஊசியின் எடையைக் கையேட்டில் சொன்ன வரம்பின் மேல்பக்கமாக வை, குறைத்து வைத்தால்தான் ஊசி துள்ளிப் பள்ளத்தைக் கெடுக்கும். பிறகு 'சைப்ரஸ் அவென்யூ'வைப் போடு. கூட்டத்திலிருந்து ஒருவர் கத்த, மாரிசன் பதில் சொல்லி, ஆல்பத்தின் பெயரான அந்த வரியைக் கூவ, குழு கடைசி அடியை அடிக்கும். அந்த அடி உடையாமல் கேட்கிறதா என்று எழுது. உடைந்தால் கார்ட்ரிட்ஜ் என்ன மாடல் என்றும் சேர்த்து எழுது.

அன்புடன்,
பாஸ்கர்