தம்பியின் சிவிக், அம்மாவின் கொல்லிமலைப் பயணம்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான், இவள், குழந்தை மூவரும் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே?

தம்பி போனில் பழைய ஹோண்டா சிவிக் கார் வாங்கிய விஷயத்தைச் சொன்னான். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் பிரேக் மிதித்தால் பின்னாலிருந்து கீச்சென்று சத்தம் வருகிறது என்றான். அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிறேன் என்று அதே மூச்சில் சொன்னான். 70 கொண்டை ஊசி வளைவு அப்பா, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் நீங்கள் படித்துவிட்டு அவனிடம் கொடுங்கள்.

இதே பின் பிரேக் வேலையை இன்றுதான் செம்பவாங்கில் சித்தப்பா வீட்டில் செய்துவிட்டு வந்தேன். அவர் வைத்திருப்பதும் அதே மாடல் சிவிக். எங்களுக்கு இங்கே கார் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. காரின் விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அதை 10 வருடம் வைத்துக்கொள்ளும் உரிமைக்கே தனியாக ஏலத்தில் பணம் கட்ட வேண்டும். மாதம் இரண்டு முறை ஏலம் நடக்கும். 2023 அக்டோபரில் சின்ன கார்களுக்கான அந்த உரிமைச் சான்றிதழே 1 லட்சத்து 6 ஆயிரம் சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. எம்ஆர்டி ரயிலும் பேருந்தும் எங்களுக்குத் தாராளமாகப் போதும்.

சித்தப்பா வண்டி 2008இல் பதிவானது. 2018இல் கெடு முடிந்தபோது கழித்துவிடாமல், இன்னும் 10 வருடத்துக்குப் பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டார். 10 வயது தாண்டிய காரை இங்கே ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். சக்கரங்களை உருளை மேல் நிறுத்தி இடது, வலது பிரேக் ஒரே அளவு பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் தேறாவிட்டால் சாலை வரி கட்ட முடியாது, வண்டி ரோட்டுக்கு வர முடியாது. இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் ஊரிலும் இப்படிப் பார்த்தால் எத்தனை உயிர் மிஞ்சும்!

பரிசோதனை நெருங்குகிறதே என்று சித்தப்பா ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். பின் சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் என்ற இரும்புத் தட்டு இரண்டையும், அதை அழுத்திப் பிடிக்கிற பேடையும் மாற்றியே ஆக வேண்டும் என்றார்களாம். அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. கப்பல் பட்டறையில் காலமெல்லாம் இரும்போடு வேலை செய்தவரிடம் அது எடுபடுமா? டிஸ்க்கை விட்டுவிட்டுப் பேடை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை வா, நாமே பார்ப்போம் என்றார். அவருடையது தரைவீடு, முன்னால் போர்ட்டிகோ இருக்கிறது. எங்களைப் போல அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது. பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சக்கரத்தைக் கழற்றிப்போட்டு உட்கார முடியாது.

இனி தம்பிக்கு. ஊரில் அவன் ஓட்டிய சின்ன கார்களுக்கெல்லாம் பின்னால் டிரம் பிரேக். இந்த சிவிக்குக்குப் பின்னாலும் டிஸ்க். ஹேண்ட் பிரேக்கும், பேடை டிஸ்க்கில் அழுத்துகிற காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வேலை தொடங்கும் முன் ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு ஹேண்ட் பிரேக்கையும் விட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்துவது முன் சக்கரங்கள் மட்டும்தான். சித்தப்பா வண்டி ஆட்டோமேட்டிக், பார்க்கிங்கில் போட்டோம். தம்பியுடையது கியர் வண்டி, முதல் கியரில் போடட்டும். எதுவானாலும் முன் சக்கரம் இரண்டுக்கும் இரண்டு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது, ஸ்டாண்டு வைத்துத்தான் கை வைக்க வேண்டும். செங்கல்லை அடுக்குகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், நொறுங்கிவிடும்.

கீச்சுச் சத்தம் எங்கிருந்து வருகிறது தெரியுமா அப்பா? பேடில் ஒரு சின்ன இரும்பு நாக்கு வைத்திருக்கிறார்கள். பேட் தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். இடது சக்கரத்தைக் கழற்றியதும் பார்த்தோம், உள்பக்கப் பேட் அந்த நாக்கு வரை தேய்ந்திருந்தது. அதே சக்கரத்தின் வெளிப்பக்கப் பேட் இன்னும் பாதி அப்படியே இருக்கிறது! ஒரே காலிப்பரில் ஒன்று தேய்ந்து ஒன்று தேயாமல் இருந்தால் காரணம் பேடில் இல்லை. காலிப்பர் நகர்வதற்கு இரண்டு வழுக்குக் கம்பிகள் இருக்கும், பின் என்பார்கள். மேல் பின் விரலால் தள்ளினாலே நழுவியது. கீழ் பின்னைக் குறடு போட்டு இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது கிரீஸ் காய்ந்து பழுப்பாய்ப் படிந்து, ரப்பர் உறையின் ஓரம் கிழிந்திருந்தது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. இங்கே பெய்கிற மழைக்குக் கேட்க வேண்டுமா!

இதைப் பார்க்காமல் புதுப் பேடைப் போட்டிருந்தால் அதுவும் அதே மாதிரி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். பட்டறையில் டிஸ்க்குக்குப் பணம் வாங்கியிருப்பார்கள், பின்னைத் தொட்டிருப்பார்களா தெரியாது. நல்லவேளை, பேடோடு புது உறைகளும் சித்தப்பா வாங்கி வைத்திருந்தார். பின்னைச் சுத்தமாகத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டோம். சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பிவிடும். டிஸ்க்கின் குறைந்தபட்சப் பருமனை டிஸ்க்கிலேயே அடித்திருப்பார்கள். எங்களுடையதில் 8 மில்லிமீட்டர். மைக்ரோமீட்டரில் அளந்தபோது எட்டரைக்கு மேலேயே இருந்தது. டிஸ்க்கை மாற்றவில்லை.

காலிப்பருக்குள் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் விஷயத்தைத் தம்பி நன்றாகக் கவனிக்கட்டும். முன் சக்கரத்தில் பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அமுக்கினால் உள்ளே போய்விடும். பின்னால் அப்படி அமுக்கினால் உள்ளே இருக்கிற ஹேண்ட் பிரேக் திருகு கெட்டுவிடும். இதைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கென்று ஒரு கருவி உண்டு. வலப்பக்கமாக, அவசரப்படாமல், ரப்பர் உறை முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொண்டே திருக வேண்டும். பிஸ்டன் முகத்தில் கூட்டல் குறி மாதிரி பள்ளம் வெட்டியிருக்கும். உள்பக்கப் பேடின் முதுகில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அந்தக் குமிழ் அந்தப் பள்ளத்தில் உட்காரும்படி பிஸ்டனை நிறுத்தினால்தான் பேட் நேராக நிற்கும். இதற்குத்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. சித்தப்பா டார்ச் அடிக்க, நான் தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்துப் பார்த்துத் திருப்பினேன்.

பிஸ்டன் உள்ளே போகப் போக, முன்னால் டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். பெயின்ட்டில் வழிந்தால் அரித்துவிடும், சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடச் சொல்லுங்கள். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வைக்கட்டும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டே மறுபக்கத்தைப் பிரிக்கட்டும், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஒன்று முழுசாக இருக்கும். பேடை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். வீல் நட்டை 108 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும், டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் யாரிடமாவது இரவல் வாங்கட்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன் பெடலை கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். முதல் மிதியில் கால் தரைக்கே போகும். அது தெரியாமல் ரிவர்ஸ் எடுத்தால் சுவரில்தான் நிற்கும். டப்பாவில் ஆயில் அளவையும் மறுபடி பார்க்கட்டும்.

நாங்கள் ஆள் நடமாட்டம் குறைந்த ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக மிதித்து மிதித்துப் பேடைப் பழக்கினோம். திரும்பி வந்ததும் நான் இரண்டு பின் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தேன். லோடு இறக்கி வந்த இரவுகளில் நீங்கள் டிரம் பக்கம் கை வைத்துப் பார்ப்பீர்களே, அதேதான். இரண்டும் ஒரே சூடு. சித்தப்பாவுக்கு அது புதுசு, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். உங்கள் சகலைதான் என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் சித்தி மீன்குழம்பு ஊற்றி உட்கார வைத்துவிட்டார். அம்மாவைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

இங்கே மிக உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டர்தான். சிக்னலில் தேய்கிற பிரேக் வேறு, மலை இறங்குகிற பிரேக் வேறு என்பதை நீங்கள்தான் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சின்ன கியரில் இறங்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் அண்ணன் பயப்படுகிறான் என்பான்.

பிஸ்டன் திருகும் கருவியை, ஊருக்கு வருகிற நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். காலிப்பர் பின்னுக்கான ரப்பர் உறைகளை அவன் அங்கே வாங்கி வைக்கட்டும். வேலை முடிந்து, நீங்கள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அந்த வண்டி மலைப்பக்கம் போக வேண்டாம். அம்மாவிடம் கோயிலுக்கு இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்