கூர்நோக்கு இல்லத்தில் ஊசி: பையனிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 ஜனவரி 3 அன்று 15 முதல் 18 வயதுக்காரர்களுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, வெளியில் இருந்த பிள்ளைகள் ஒரு செல்போன் எண்ணை வைத்துத் தாங்களே கோவின் தளத்தில் பதிந்துகொள்ள முடிந்தது. குற்றம் செய்ததாகப் பிடிபட்ட சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைக்கிற கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிற பையனுக்கு ஏது செல்போன்? அப்பா எங்கேயோ கட்டட வேலையில், அம்மா நம்பர் ஸ்விட்ச் ஆஃப் என்றால் அவனுக்கு யார் கையெழுத்துப் போடுவது? கொரோனாவோடு தீர்ந்துபோன கேள்வி இல்லை இது. 16 வயதில் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடுகிற டிடி ஊசிக்கும் இதே கதைதான்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பிள்ளை யாருடைய பொறுப்பில் ஒப்படைக்கப்படுகிறானோ அவருக்கு, அந்த உத்தரவு இருக்கும்வரை, பெற்றோருக்குரிய பொறுப்பு உண்டு என்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 11வது பிரிவு. அதனால் இல்லத்தின் கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். என் சண்டையே இங்கேதான். மேஜர் ஆக 18 வேண்டும், சரி. ஆனால் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 28வது பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 90) பொதுவாக ஏற்காமல் தள்ளுவது 12 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் சம்மதத்தைத்தான். 16 வயதுப் பையன் விஷயம் புரிந்து தலையாட்டினால் அது செல்லாது என்று அதில் எங்கும் இல்லை. பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 3வது பிரிவே சொல்கிறது.

அதே 28வது பிரிவு, தீங்கு வரும் என்று பயந்து கொடுத்த சம்மதத்தையும், எதிரில் இருப்பவருக்கு அந்தப் பயம் தெரிந்திருந்தால், ஏற்பதில்லை. வார்டன் பக்கத்தில் நிற்க, சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வரிசையில் நிற்கிறவன், ஜாமீன் வேறு நிலுவையில் இருக்கிறபோது, "வேண்டாம்" என்றால் ரிப்போர்ட்டில் ஏதாவது எழுதிவிடுவார்களோ என்றுதானே யோசிப்பான்?

நான் தடுப்பூசிக்கு எதிரி இல்லை, என் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று. ஆனால் யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பூட்டிய கதவுக்குள் இருக்கிறவனுக்கும் பொருந்த வேண்டாமா? வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் இல்ல ஊழியர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் நர்ஸோ டாக்டரோ அவனை உட்காரவைத்து எதற்கு இந்த ஊசி, காய்ச்சல் வருமா என்று சொல்லி அவன் பதிலைக் குறித்துக்கொள்ளட்டும். மறுத்தால் கையைப் பிடித்து இழுக்காமல் அவன் வழக்கை விசாரிக்கிற இளைஞர் நீதிக் குழுமத்துக்குத் தெரிவிக்கட்டும். புதுச் சட்டமெல்லாம் தேவையில்லை, மாநில விதிகளில் ஒரு பத்தி சேர்த்தாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி