அரிசிப் பை கொடுப்பதோடு முடிந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

‘சேவை செய்பவர்களுக்கு அரசியல் எதற்கு?’ என்று கேட்பவர்கள் ஒருமுறை சென்னையின் தென்புறம் உள்ள பெரும்பாக்கம் வந்து பார்க்கட்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். கான்கிரீட் வீடுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வேலை நகரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது, இருட்டோடு கிளம்பி பஸ் பிடித்துப் போனால் பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது? அவரிடம் போய் சிக்கன சேமிப்பு பற்றி வகுப்பு எடுத்தால் அது சேவை. ஆற்றங்கரையில் குடிசை மட்டும்தான் ஆக்கிரமிப்பா என்று கேட்டால் அரசியலாம்!

1970-ல் குடிசை மாற்று வாரியம் வந்த காலத்தில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தந்தார்கள். ஓட்டுக்காகவே இருக்கட்டும், அதுவும் அரசியல் முடிவுதானே.

அப்புறம், அரசியல் பேசினால் வெளிநாட்டு நன்கொடை நின்றுவிடுமோ என்ற பயம் தொண்டு நிறுவனங்களுக்கு. பந்த், மறியல் என்று போகும் அமைப்புக்கு அரசியல் முத்திரை குத்தி அந்த நன்கொடையைத் தடுக்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2011 விதிகள் இடம் தந்தன. கட்சி அரசியல் நோக்கமில்லாமல் மக்கள் பிரச்சினைக்காகப் போராடுபவர்களுக்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020-லேயே சொல்லிவிட்டது. அப்படியும் ஒரு மனுவில் கையெழுத்து போடத் தயங்குகிறார்கள்.

தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: குடிசைகளைக் காலி செய்து லாரியில் சாமான் ஏறும் நாளில் பிஸ்கட் பாக்கெட்டோடு வராதீர்கள், மாற்று வீட்டுக்கான கணக்கெடுப்பு நடக்கும்போதே வந்து, பட்டியலில் யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்று மக்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சமூகப் பணியாளர், சென்னை