ரெண்டு மில்லி பால்

தெலுக் இந்தான்

அன்புள்ள பார்வதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 29 வாரத்தில் பிறந்த பேத்திக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் வேளைக்கு ரெண்டே மில்லி பால்தான் தருகிறார்கள், பட்டினி போடுகிறார்களோ என்று கேட்டிருந்தாய். பட்டினி இல்லை பார்வதி. எடை 1.2 கிலோ. கிலோவுக்கு 20 மில்லி என்று தொடங்கினால் நாளுக்கு 24 மில்லி. ரெண்டு மணிக்கு ஒருதரம் என்று பன்னிரண்டு வேளையாகப் பிரித்தால் ரெண்டு மில்லிதான் வரும். மீதிச் சத்து டிரிப்பில் இறங்குகிறது. இந்த ரெண்டு மில்லி குடலைப் பழக்குவதற்கு. வயிறு தாங்கினால் தினமும் வேளைக்கு ரெண்டு மூன்று மில்லி கூட்டி, கிலோவுக்கு 150 வரை கொண்டுபோவார்கள். அப்போது வேளைக்கு 15 மில்லி.

பால் ஊட்ட இரைப்பைக்குக் குழாய் எதற்கு என்கிறாய். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒத்துப்போக, கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதற்குமுன் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். மிசி, அதாவது நர்ஸ், ஒவ்வொரு வேளையும் குழாயிலிருந்து சொட்டு இழுத்துப் புளிப்புத் தாளில் (அமிலத்தைக் காட்டும் pH தாள்) தொட்டுப் பார்ப்பார். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் குழாய் இரைப்பையில் இருக்கிறது. பிறகு சிரிஞ்சின் தண்டைக் கழற்றி, ஒரு சாண் உயரத்தில் பிடித்து, பாலைத் தானாக இறங்க விடுவார். தண்டால் அழுத்தித் தள்ளினால் வயிறு உப்பும், பால் எதுக்களிக்கும், மூச்சும் தடுமாறும். வயிறு விறைத்து, பச்சையாகக் கக்கி, மலத்தில் ரத்தமும் கண்டால் பாலை உடனே நிறுத்துவார்கள். அது குடல் அழுகும் நோயாக இருக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து பால்மாவு குடிப்பவர்களைவிடக் குறைவு. அதனால்தான் உன் மகளின் பால் முக்கியம்.

நேரடியாகக் குடிக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லை, ஆகவே பாலைப் பீய்ச்சித்தான் எடுக்க வேண்டும். இரவில் ஒருமுறையாவது எழுந்து, நாளுக்கு எட்டுத் தடவை. இரவை விட்டால் பால் குறையும். முதல் நாட்களில் மெஷின் வேண்டாம், கைதான் நல்லது. காம்பிலிருந்து ரெண்டு விரல் தள்ளிக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்து, நெஞ்சுப்பக்கம் அழுத்தி, பிறகு ஒன்றுசேர்க்கச் சொல். தோலில் வழுக்கி இழுத்தால் புண்ணாகும். மஞ்சளாகக் கெட்டியாய்ச் சீம்பால் ஒரு சொட்டு வந்து நிற்கும். அதை 1 மில்லி சிரிஞ்சின் முனையால் உறிஞ்சி எடுக்க வேண்டும். புட்டியில் பிடித்தால் பாதி சுவரிலேயே ஒட்டிப் போகும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதே. தாகத்துக்குக் குடிக்கட்டும்.

புட்டியில் தாயின் பெயர், தேதி, மணி எழுது. முஸ்லிம் குடும்பங்களில் ஒரே தாயின் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறப்பாகிவிடுவார்கள். புட்டி மாறினால் நம் பிள்ளைக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும் பெரிய விஷயம். ஐஸ்பெட்டியின் (பிரிட்ஜ்) கதவில் வைக்காதே, திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். உள்ளே பின்பக்கம் வை. ரெண்டு நாளுக்குள் வார்டில் சேர்த்துவிடு.

பிள்ளை கையில் வந்ததும் நாக்கில் சேனை என்று இனிப்புத் தொட்டு வைக்க மகளின் மாமியார் கேட்பார். சர்க்கரையும் வேண்டாம், தேனும் வேண்டாம்.

பாலை வார்டுக்குக் கொண்டுபோகச் சின்னக் குளிர்பெட்டி ஒன்று சுங்கை சிப்புட்டுக்கு, உன் வீட்டுக்கு அனுப்புகிறேன். ஜெல் கட்டிகளை முதல் நாள் இரவே உறைய வை. காலையில் வைத்தால் வேன் வருவதற்குள் இறுகாது.

அன்புடன்,
சாரதா