பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான்கு வருடமாக ஒரு செல்போன் கேம் ஆடுகிறேன். ராத்திரி கடை அடைத்து வந்து, வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம். காசு கொடுக்கக் கணக்குப் பார்த்ததில்லை. போன மாதம் அந்த கேமுக்குள், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாமல் விற்கும் 'அதிர்ஷ்டப் பெட்டி' ஒன்றை 299 ரூபாய்க்கு வாங்கித் திறந்தால், ஏற்கெனவே என்னிடம் இருக்கும் அதே கேடயம்! மறுவாரம் வந்த அப்டேட்டில் அந்தக் கேடயத்தின் பலத்தையும் பாதியாக்கிவிட்டார்கள். முன்கூட்டி ஒரு வரி அறிவிப்பு இல்லை. மூன்று முறை புகார் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில், ஒரு கமாகூட மாறவில்லை: 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்.'

எங்கள் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் சட்டி வாங்கினால்கூட, தட்டி, கவிழ்த்து, எங்கே பெயர்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் விலை பேசுவோம். இங்கே முதலில் காசு, பிறகுதான் சட்டி.

இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டில் 2025-ல் வந்த சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கிறது. பெட்டிக்குள் எது கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பதை, வாங்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே தமிழில் போடவும் அரசு உத்தரவிட வேண்டும்.

– ஒரு வாசகர், காரைக்குடி