அந்த 220-ஐ வாங்காதே

அன்புள்ள கண்ணா,

எட்டு மாதமாக ஒரு வரிகூடப் போடவில்லை. திட்டை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று ரவி சொன்னான், நிம்மதி. இங்கே ஐடஹோவில், பாய்சியில் எல்லாரும் நலம். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. பேஸ் ஜம்ப்பிங்குக்கு, அதாவது பாலம், பாறை உச்சியிலிருந்து பாராசூட்டோடு குதிப்பதற்கு, செகண்ட் ஹேண்டில் ஒரு பாராசூட் செட், பாதி விலை, சனிக்கிழமை போய்ப் பணம் கொடுக்கப் போகிறாய். ட்வின் ஃபால்ஸ் பாலத்துக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில் நான் இருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்டாயா? ஹாஸ்டலில் அந்த நீல யமஹாவை வாங்கியபோதும் இதே கதைதான்.

அந்தப் பாராசூட்டின் குடை 220 சதுர அடி. நீ 82 கிலோ. ஹெல்மெட், ஷூ, பை எல்லாம் சேர்த்தால் 91 வரும், அதாவது 200 பவுண்டு. புதிதாக வருகிறவனுக்குச் சதுர அடிக்கு 0.7 பவுண்டு அளவில் இருந்தால் நல்லது. வகுத்துப் பார், 285 வரும். கலிஃபோர்னியாவில் பெரிஸில் விமானத்திலிருந்து 230 ஜம்ப் போட்டு, 170 சதுர அடிக் குடையை வைத்துக்கொண்டு சர்ரென்று இறங்குகிறவனுக்கு 285 மாட்டுவண்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் அங்கே உனக்குப் பரந்த வெளி. இங்கே ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலம், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பாறை. மெதுவாக இறங்கும் குடைதான் உன் கணுக்காலைக் காப்பாற்றும்.

ட்வின் ஃபால்ஸின் அந்தப் பெர்ரைன் பாலம் 148 மீட்டர் உயரம். எதுவுமே விரியாவிட்டால் ஆறு நொடிக்குள் கதை முடிந்தது. ரிசர்வ் என்று இரண்டாவது குடை கிடையாது, ஒரே குடை. அதனால்தான் விமானத்திலிருந்து குதிக்கிற ஸ்கைடைவிங் செட்டைக் கொஞ்சம் மாற்றி ஓட்டலாமே என்று நீ சொன்னதைப் படித்ததும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அது அதிர்ச்சி இல்லாமல் நிதானமாக விரிவதற்காகவே செய்தது. இங்கே அந்த நிதானத்துக்கு இடமில்லை.

பெரிய குடையை வெளியே இழுக்கக் கையால் வீசுகிற சின்னக் குடை, அந்தப் பைலட் சூட்டைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. விற்கிறவன் கொடுப்பது 36 அங்குலம். இரண்டு நொடி விழுந்தால் உன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர்தான் இருக்கும். அந்தக் காற்றில் பெரிய குடையைப் பையிலிருந்து இழுக்க 46, 48 அங்குலம் வேண்டும். 36 என்பது உயரமான மலையிலிருந்து நெடுநேரம் விழுகிறவர்களுக்கு. அங்கே போய் 48-ஐ வீசினால் அதுவும் தப்பு, குடை முரட்டுத்தனமாக விரியும்.

அப்புறம் வென்ட். அந்தக் குடையின் அடித்துணியில் காற்று உள்ளே போகிற திறப்பு ஒன்றுகூட இல்லை. அது இருந்தால் குடை சட்டென்று நிரம்பி, விரிந்த நொடியிலேயே கைக்குக் கட்டுப்படும். பாறைப் பக்கம் திரும்பி விரிந்துவிட்டால் அந்த ஒரு நொடிதான் எல்லாம். ஏழு செல் (காற்று நிரம்பும் அறைகள்), வென்ட், 280-க்குக் குறையாத அளவு. இந்த மூன்றும் இல்லாததை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதே. இன்னொன்று, போட்டோவில் அதை பால்கனிக் கம்பியில் வெயிலில் காயப் போட்டிருக்கிறான். நைலானுக்கு வெயிலைவிடப் பெரிய எதிரி உண்டா?

போன மே மாதம் நடந்ததைச் சொன்னால்தான் உனக்குப் புரியும். பாலத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் குதித்தாள். குடை விரிந்தது, ஆனால் பிரேக் கயிறு ஒன்று அதன் மேலே குறுக்கே விழுந்து, துணி இரண்டாக மடிந்து சுழன்றது. நான் கீழே கரையில் நிற்கிறேன், வாயில் சத்தம் வரவில்லை. அவள் அந்தப் பக்கத்து டாகிளை, அதாவது பிரேக் கயிற்றின் கைப்பிடியை, முழுசாக உருவிவிட்டாள். கயிறு வளையத்தை விட்டு வழுக்கி வெளியே போனது, குடை படாரென்று நிமிர்ந்தது. தோளிலிருந்து குடைக்கயிறுகளுக்குப் போகிற பின் பட்டைகளை, ரைசர்களை, இழுத்தே திருப்பி ஆற்றில் இறங்கி, நீந்திக் கரையேறினாள். கை கொடுத்துத் தூக்கினேன். மற்றக் கையில் அந்த டாகிளை அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தாள், விரலைப் பிரிக்க முடியவில்லை.

கயிற்றை அப்படி விடுவிக்கும் டாகிள் உன் போட்டோவில் இல்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். சாதாரணமாகக் கட்டிய டாகிள்தான்.

ஆசையை விடச் சொல்லவில்லைடா. 1974-இல் சாகசக்காரர் ஈவல் கெனீவல் ராக்கெட்டில் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டப் பார்த்த மண்மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றபடி, ஒருநாள் நாமும் என்று முதலில் சொன்னவன் நீதான். சனிக்கிழமை அவனுக்கு வேண்டாமென்று சொல்லிவிடு. ஜூனில் இங்கே வா. முதலில் கோர்ஸ், செட்டும் அவர்களே கொடுப்பார்கள். அதன்பிறகு என் பழைய 285 இருக்கிறது, வென்ட் உள்ளது, போன மாதம்தான் கயிறு மாற்றினேன். பேக்கிங்கை என் வீட்டுப் புல்தரையில் பத்துத் தடவை போட்டுக் காட்டு, அப்புறம் பாலத்துக்குப் போகலாம்.

இதைப் படித்ததும் போன் பண்ணு, எத்தனை மணியானாலும் சரி.

உன்,
முரளி