தடவிப் பார்க்க இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பார்வையற்றவர்களின் விரல்களுக்குத் தனிச் சக்தி உண்டு என்று பலர் பேசக் கேட்கிறேன். கண் அழுத்த நோயால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பார்வையை இழந்த எனக்குப் பழக்கத்தால் வந்த கூர்மை கொஞ்சம் உண்டே தவிர, வரம் எதுவும் கிடைத்துவிடவில்லை. கிளாட்ஸ்கி, லெடர்மன் முதலான ஆய்வாளர்கள் பார்வையுள்ளவர்களின் கண்களைக் கட்டி, அன்றாடம் புழங்கும் 100 பொருள்களைக் கையில் கொடுத்து, 1985இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு விடைகள் சரியாக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஐந்து நொடிக்குள் வந்தவை. ஆக, இந்தத் திறமை எல்லோர் கையிலும் இருக்கிறது.

ஆனால் அதற்குக் கை அசைய வேண்டும். அரிசி மாவின் மீதும் மைதாவின் மீதும் விரலைச் சும்மா வைத்துப் பாருங்கள்; இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தால் அரிசி மாவு நறநறக்கும், மைதா வழுக்கிக்கொண்டு போகும். விரல் நகரும்போது எழும் நுண்ணிய அதிர்வுகளைத் தோலுக்கு அடியில் உள்ள உணர்முனைகள் வாங்கிக்கொள்வதால்தான் இந்த வேறுபாடு தெரிகிறது. அதே ஆய்வாளர்கள் 1987இல், எதை அறியக் கை எப்படி அசைகிறது என்பதையும் பிரித்துக் காட்டினார்கள்: சொரசொரப்பை அறியத் தேய்க்கிறோம், கடினத்தை அறிய அழுத்துகிறோம், எடையை அறியத் தூக்கிப் பார்க்கிறோம், வடிவத்தை அறிய விளிம்போடு விரலை ஓட்டுகிறோம். குளிர்ச்சியையும் சூட்டையும் அறிய மட்டும் கை அசையாமல் இருந்தால் போதும். ஒரே அடுக்களையில் இரவு முழுவதும் கிடந்த எவர்சில்வர் டம்ளர் மரக்கரண்டியைவிடச் சில்லென்று இருப்பது, அது நம் விரலின் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால்தான்.

இதையெல்லாம் எழுதக் காரணம், அல்சூரில் நான் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்மையில் மாற்றப்பட்ட லிஃப்ட். பழையதில் மேடான பொத்தான்கள் இருந்தன. கீழிருந்து எண்ணிக்கொண்டே போய் நான்காவதை அழுத்துவேன். இப்போது இருப்பது வழவழப்பான கண்ணாடிப் பலகை. குளிர்ச்சியைத் தவிர அது என் விரலுக்கு எதையும் சொல்வதில்லை. அதைவிடக் கொடுமை, தேடுவதற்காக விரலை ஓட்டினாலே அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வழியில் உள்ள எல்லா மாடிகளிலும் நின்று நின்று போகிறது. கூட வருபவர்கள் முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. தேடுவது வேறு, அழுத்துவது வேறு என்று பழைய பொத்தானுக்குத் தெரிந்திருந்தது.

கடைகளில் அட்டை தேய்க்கும் கருவியிலும் இதே தொல்லைதான். 5 என்ற எண்ணின் மேல் சிறு புள்ளி இருந்தவரை ரகசிய எண்ணை நானே அழுத்தினேன். தட்டையான கண்ணாடித் திரை வந்த பிறகு, கடைக்காரரிடம் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டு மின்னடுப்பில் விரல் படும் இடத்துக்கு அருகே என் மனைவி ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்தார். இன்றுவரை குறையில்லாமல் காபி போடுகிறேன். லிஃப்டிலும் எண்களை ஒட்டிய சட்டத்தில் அவ்வாறே ஒட்டினோம். மறுநாளே அதை அசிங்கமென்று துடைத்துவிட்டார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வாதாட எனக்கு விருப்பமில்லை. பொத்தான்களைத் திரும்ப வைக்க முடியாவிட்டால், அந்தப் பொட்டுகளையாவது விட்டுவைக்குமாறு எங்கள் குடியிருப்போர் சங்கத்தினரை, அவர்களில் சிலர் தங்கள் வாசகர்கள் என்பதால், இக்கடிதத்தின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.